கதிருக்கு அந்தப் பெட்டி வேண்டாம்

தாம்பரம்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் அத்தையும் நலம்தானே? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வசந்தா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நீ வராததை வாய்க்கு வாய் சொல்லிக் குறைப்பட்டாள். ஹாஸ்டல் உப்புமா கதை இப்போது அவள் மாப்பிள்ளை வரைக்கும் போய்விட்டது. நான் சொல்லவில்லை, உன் ராஜிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் கதிரின் பிறந்தநாளுக்கு ஏழாயிரம் ரூபாயில் ஒரு ரோபோட்டிக்ஸ் பெட்டி பார்த்து வைத்திருக்கிறோம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. அதைச் சொல்லத்தான் இன்று மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதிரிப் பெட்டியில் சென்சார் முப்பது நாற்பது இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றையும் ஒரு தடவை சொருகிப் பார்ப்பான், விளக்கு எரியும், அப்புறம் பெட்டி பரணுக்குப் போகும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். வீட்டில் தினமும் தொல்லை கொடுக்கிற ஒரு விஷயத்தை அவனையே தேடச் சொல். அதைத் தீர்க்க என்ன சாமான் வேண்டுமோ அதை மட்டும் வாங்கிக் கொடு. ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுத் தொல்லை மேல் டேங்க். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம், தண்ணீர் மாடியிலிருந்து பக்கத்து வீட்டு வாசலில் கொட்டும், அவர்கள் வந்து காலிங் பெல் அடிப்பார்கள். இப்போது டேங்க் நிறையப் போகிறது என்றால் சமையலறையில் ஒரு பஸ்ஸர் கத்துகிறது. அதை நானே செய்தேன் மல்லிகா! கல்லூரி விட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகு, படித்த பிசிக்ஸ் என் கையில் வேலை செய்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ரெசொனன்ஸ் குழாய் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி, தண்ணீரை ஏற்றி இறக்கி, சத்தம் எங்கே ஓங்குகிறது என்று காதை வைத்துக் கேட்டு, லேப் அண்ணன் பூட்டுகிற நேரம் வரைக்கும் நாம் இருவரும் நின்றது? அந்த ஒலியின் வேகம்தான் இங்கேயும். டேங்க் மூடியில் ஒரு அல்ட்ராசானிக் சென்சார். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எத்தனை மைக்ரோ செகண்ட் ஆனது என்று அதோடு இணைத்த சின்னக் கம்ப்யூட்டர் போர்டு எண்ணுகிறது. ஒரு சென்டிமீட்டர் போய்வர சுமார் 58 மைக்ரோ செகண்ட். வந்த எண்ணை 58ஆல் வகுத்தால் தூரம். அவ்வளவுதான் கணக்கு.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். மோட்டாரே போடாத நாளில், மதியம் மட்டும் தண்ணீர் கொஞ்சம் ஏறியதாகக் காட்டியது. வீட்டில் எல்லோரும் சென்சார் கெட்டுவிட்டது என்றார்கள். யோசித்தால், 58 என்பது 20 டிகிரிக்கான கணக்கு. அப்போது ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். டேங்குக்குள் 40 டிகிரி என்றால் 355 ஆகிவிடுகிறது. சீக்கிரம் போய்த் திரும்புவதால், 60 சென்டிமீட்டர் கீழே இருக்கிற தண்ணீர் 58இல் இருப்பதாகத் தெரிகிறது. டிகிரிக்கு 0.6 மீட்டர் என்று நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அதே 0.6! நிரலில் வெப்பநிலையையும் சேர்த்தேன், மதியத்து ஏற்றம் அடங்கிவிட்டது. ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பெட்டியில் கிடைக்கும் சொல்.

அவனுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். நான் சொன்ன அந்தச் சின்னப் போர்டு, ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரிஜினல் வேண்டாம், நகல் போதும். முந்நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். இது திருட்டுச் சரக்கு இல்லை, பயப்படாதே. 2005இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகத் தொடங்கிய போர்டு வரிசை இது. அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்தே வைத்துவிட்டார்கள். யாரும் செய்து விற்கலாம், அவர்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. அதில் இருக்கிற சிப்புக்கு வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு பத்தியைத் தமிழில் ஏற்றினால் அதிலேயே நிரம்பிவிடும். ஆனால் வினாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்பு. அந்தச் சின்ன இடத்துக்குள் யோசிக்கப் பழகுகிறவனுக்கு எதுவும் கஷ்டமாக இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடையில் கால்கள் பற்றவைத்த போர்டாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே சால்டரிங்கில் நிற்பான். பற்றவைக்காமல் சொருகியே சர்க்யூட் போடுகிற பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு, பத்து எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் (சிவப்பு, சிவப்பு, பழுப்பு), ஒரு பஸ்ஸர், அதை ஓட்ட பிசி547 டிரான்சிஸ்டர் சில. எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் நேரே சொருகவே கூடாது என்று சொல்லிவை. ஐந்து வோல்ட்டில் சிவப்பு எல்இடி இரண்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் மூன்றை 220ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லிஆம்பியர். போர்டின் ஒரு காலுக்கு 20 வரை வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு கணக்கை அவனே போட்டால் ஓம் விதி ஆயுசுக்கும் மறக்காது.

யுஎஸ்பி கேபிளைக் கவனி. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் நிறைய உலவுகிறது, அதில் டேட்டா கம்பியே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நகல் போர்டு என்பதால், கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்ள சிஎச்340 டிரைவர் என்ற மென்பொருள் போட வேண்டியிருக்கலாம். அப்படியும் நிரல் ஏறாவிட்டால் மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல். போர்டு கெட்டது என்று தூக்கிப் போடுகிற பலருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

கம்ப்யூட்டருக்குச் செலவு வேண்டாம். உன் மூத்தவளுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஓடுகிறதல்லவா, அது தாராளம். மென்பொருள் இலவசம். சாமான் வரும் வரைக்கும் டிங்கர்கேட், வோக்வி என்ற இணையதளங்களில் திரையிலேயே சர்க்யூட் போட்டுப் பழகட்டும், இன்றைக்கே தொடங்கலாம். வைஃபை வேண்டும், ஃபோனில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அப்புறம் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு வாங்கலாம். ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு, ஐந்து வோல்ட் சென்சாரை அப்படியே மாட்டினால் கால் கெட்டுப்போகலாம். ஆறு மாதம் கழிந்து பார்ப்போம்.

மிச்சப் பணத்தில், வோல்ட்டும் கரண்டும் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் வாங்கு. போர்டைவிட அதுதான் முக்கியம் என்பேன். இருநூறு ரூபாய் மீட்டர் பேட்டரி வேலைக்குச் சரியாகவே காட்டும்.

இனிமேல் எழுதுவதை அண்ணனையும் உட்காரவைத்துப் படி. அந்த மீட்டரைப் பிளக் பாயிண்டில் வைக்கவே கூடாது. விலை குறைந்த மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. கம்பி அதில் இருக்கும்போது 230 வோல்ட்டைத் தொட்டால் நேரே ஷார்ட், கையிலேயே வெடிக்கலாம். அதே மாதிரி, மோட்டாரையே தானாக நிறுத்தலாமே என்று கதிர் கேட்பான். கெட்டிக்காரப் பையன், கேட்காமல் இருக்க மாட்டான். போர்டு சொன்னபடி மின்சாரத்தை ஆன் ஆஃப் செய்கிற ரிலே போர்டு ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும், இணையத்தில் படமும் இருக்கும். வேண்டாம். அந்தப் போர்டின் அடியில் 230 வோல்ட் மூடாமல் ஓடும். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சின்ன ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. பஸ்ஸர் கத்தட்டும், மனுஷன் எழுந்துபோய் சுவிட்சை அணைக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து லித்தியம் செல் எடுக்கிற வேலையும் கூடாது. பழைய ஃபோன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டே அவனுக்குப் போதும். இதில் மட்டும் அவன் அழுதாலும் விட்டுக்கொடுக்காதே.

டேங்க் வேலைதான் என்றால் வாட்டர்ப்ரூஃப் சென்சாராக எடுக்க வேண்டும், சாதாரணமானது ஆவியில் சீக்கிரம் கெட்டுவிடும். ஆனால் அது இருபது இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதைப் பார்க்காது. நான் தண்ணீர் முப்பதில் இருக்கும்போதே பஸ்ஸர் கத்தும்படி வைத்துவிட்டேன். ஒருவேளை அவனுக்கு டேங்க் பிடிக்காமல் உன் மாடித் தோட்டத்துக்கு ஏதாவது செய்கிறேன் என்றால், மண் ஈரம் பார்க்க கெப்பாசிட்டிவ் சென்சார் வேண்டும். மற்ற வகையில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது மின்னாற்பகுப்பில் சீக்கிரமே அரித்துப் போகும்.

அவனையே யோசித்துச் சொல்லச் சொல். அடுத்த வாரம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருப் பக்கம் போகிறேன், பட்டியல் வந்தால் வாங்கிக் கோவில்பட்டிக்குப் பார்சல் போட்டுவிடுவேன். நீ கூட வந்தால் பேரம் பேசியே கடைக்காரரைக் கடையை மூட வைத்துவிடுவாய், அதனால் நான் தனியாகவே போகிறேன். பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, அவன் பிறந்தநாளுக்குப் பெரியம்மா பரிசு.

மே கடைசியில் அவனையும் கூட்டிக்கொண்டு வா, மாடியில் ஏற்றி டேங்க் மூடியைத் திறந்து காட்டுகிறேன். டிக்கெட் போட்டதும் சொல், எழும்பூருக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
சித்ரா