'அரங்கேற்றினர்' என்று எழுத வேண்டாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைத் தாக்குதல் நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரைதான். ஆனால் முதல் வரியிலேயே 'பத்துப் பயங்கரவாதிகள் அரங்கேற்றிய கொடூரம்' என்று இருந்தது. அதைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். பெரும்பாலும் இரவுப் பணி. செய்தி ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கித் தலைப்புப் போடுவது வேலை. 'அரங்கேற்றினர்' என்ற சொல்லை நானே எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. மூலத்தில் வெறுமனே 'தாக்குதல் நடத்தினர்' என்றுதான் இருக்கும். அது நமக்குச் சப்பென்று தெரியும். கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டுமே என்று 'அரங்கேற்றினர்' ஆக்கிவிடுவோம். பல ஆண்டுகள் நடனம் பயின்றவர் முதன்முதலாக மேடையேறும் நாளுக்கும், புலவர் தன் நூலை அவையோர் முன் படித்துக் காட்டுவதற்கும் உரிய சொல் அது. கொலைகாரனுக்கு எப்படி வந்தது என்று அப்போது யோசித்ததில்லை. இரவு பதினொன்றரைக்குப் பக்கம் முடிக்க வேண்டியவனுக்கு யோசிக்க ஏது நேரம்?

ஓய்வு பெற்ற பிறகு யோசிக்கிறேன். 1970களிலேயே பிரையன் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பயங்கரவாதம் என்பதே ஒரு நாடகம்தான் என்று எழுதினார். நிறையப் பேர் சாக வேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல, நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம் என்றார். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அந்தக் கூற்றின் முதல் பாதி நிற்கவில்லை. இரண்டாம் பாதி இன்னும் நிற்கிறது. ஆக, 'அரங்கேற்றினர்' என்று எழுதும்போது நாம் நம்மை அறியாமல் உண்மையைத்தான் சொல்கிறோம். அரங்கு ஒன்று இருக்கிறது. அதைக் கட்டிக் கொடுத்து, விளக்கும் போட்டு வைத்திருப்பது நாம்.

'பொறுப்பேற்றது' இன்னொன்று. மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்றார், புதிய நீதிபதி பொறுப்பேற்றார் என்று எழுதும் அதே பக்கத்தில், குண்டு வைத்த அமைப்பும் 'பொறுப்பேற்றது'. சிலர் 'உரிமை கோரியது' என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம், ஏதோ காணாமற்போன பொருளுக்கு உரிமை கோருவது போல. 'நாங்களே செய்தோம் என்கிறது' என்று எழுதலாம். ஒற்றைக் காலத் தலைப்பில், அதாவது ஒரு பத்தி அகலத்தில், அடங்காது என்பீர்கள். அடங்காதுதான். அப்புறம் 'மூளையாகச் செயல்பட்டவர்'. சதி செய்தவனுக்கு மூளையும் கொடுத்து, மரியாதை விகுதியும் கொடுத்தாகிவிட்டது.

சொல்லில் என்ன இருக்கிறது, சொல்லா ஆளைக் கொல்கிறது என்று கேட்கலாம். 2008 நவம்பர் 26 இரவு நான் பணியில் இருந்தேன். செய்தி அறைத் தொலைக்காட்சியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் பார்த்ததைக் குறிப்பெடுத்து அப்படியே செய்தியாக்கினேன். மறுநாள் இரவும் அதே. அதற்கு அடுத்த இரவும் அதே. கமாண்டோக்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், எந்த மாடியில் விளக்கு எரிகிறது, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் எங்கே இறங்குகிறார்கள், எல்லாம் நேரலையில் வந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தபடி தொலைபேசியில் அந்தப் பத்துப் பேரை இயக்கிக்கொண்டிருந்தவர்களும் அதே படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு உரையாடல் பதிவுகள் வெளியானபோது தெரிந்தது. 2012 ஆகஸ்டில், அந்தப் பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சிகளைக் கடுமையாகவே கண்டித்தது. பாதுகாப்புப் படையினர் இருந்த இடமும் நகர்வும் திரை வழியே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்றும், இதைக் கருத்துச் சுதந்திரம் என்று நியாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. அந்தச் செய்தியையும் நான்தான் தமிழாக்கினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. நான் அச்சுப் பத்திரிகைக்காரன், கேமரா பிடிக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இத்தனைக்கும் மும்பைக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே பாடம் கிடைத்திருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பாலஸ்தீனப் பயங்கரவாதிகள் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களைப் பிணை பிடித்தபோது, போலீசார் விளையாட்டு உடை அணிந்து, துப்பாக்கியோடு கூரை மேல் ஏறினார்கள். அதைக் கேமராக்கள் காட்டின. பிணை பிடித்தவர்கள் இருந்த கட்டடத்திலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. முயற்சி கைவிடப்பட்டது. அன்றிரவு பிணைக் கைதிகள் அனைவரும் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. விடிவதற்குள் தெரிந்தது, 11 பேரும் இறந்துவிட்டார்கள். 2015 ஜனவரியில் பாரிஸில் யூதர்களின் கடை ஒன்றில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தபோது, சிலர் குளிர்பதன அறையில் ஒளிந்திருந்தார்கள். அவன் இன்னும் கடைக்குள் இருக்கும்போதே, அங்கே ஆள் ஒளிந்திருப்பதை ஒரு தொலைக்காட்சி சொல்லிவிட்டது. உயிர் தப்பியவர்கள் பிறகு சட்டத்தை நாடினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் சொந்தக் கணக்கில் உள்ளது வேறு விதமான தவறு. 1995 ஏப்ரல் 19, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு. செய்தி வந்தபோது எங்களுக்கு இரவுப் பணி சூடுபிடித்திருந்த நேரம். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மேற்கு ஆசியாவைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்ற ஊகம் முதல் சில மணி நேரத்திலேயே கிளம்பிவிட்டது. நான் போட்ட தலைப்பு: 'மேற்கு ஆசியத் தீவிரவாதிகள் கைவரிசை?' கேள்விக்குறி போட்டால் பாவம் கழிந்துவிடும் என்பது செய்தி அறை நம்பிக்கை. இரண்டே நாளில் பிடிபட்டிருந்தவன் யார் என்று தெரிந்தது. டிமோதி மெக்வெய், அமெரிக்கன், அந்நாட்டு ராணுவத்தில் பணியாற்றியவன். 168 பேர் இறந்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள். அவன் பெயர் வந்த செய்தியை உள்பக்கத்தில் இரண்டு காலத்தில் போட்டோம். முந்தைய தலைப்பு தவறு என்று எங்கும் ஒரு வரி இல்லை. அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு உள்பக்கத்தைப் புரட்டாத வாசகர் மனதில் இன்றுவரை குற்றவாளி யார்? 2011இல் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் முதலில் கிளம்பிய ஊகம் அதே திசையில்தான் போனது. அன்று பணியில் நான் இல்லை. இருந்திருந்தால் என்ன தலைப்புப் போட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சரி, அரசாங்கமே வாயைக் கட்டிவிட்டால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. விளம்பரம் என்ற பிராணவாயு பயங்கரவாதிகளுக்குக் கிடைக்கக் கூடாது என்று 1985இல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் பேசினார். 1988இல் அவருடைய அரசு, வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசு ராணுவம், அதன் அரசியல் பிரிவான சின் ஃபெயின் முதலியவற்றின் சார்பில் பேசுவோரின் குரலை ஒலிபரப்பத் தடை போட்டது. நடந்தது என்ன? சின் ஃபெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் திரையில் வாயசைப்பார், நடிகர் ஒருவர் குரல் கொடுப்பார். 1994 வரை இந்தக் கூத்து நடந்தது. நம் நாட்டில் 2015இல் வந்த விதி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டக் கூடாது, முடியும் வரை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் தகவல்தான் என்கிறது. நேரலை வேண்டாம் என்பது சரி. அதிகாரி சொல்வதை மட்டுமே எழுது என்பதில்தான் எனக்கு உறுத்தல். அதிகாரிகளும் தவறு செய்வார்கள், மறைப்பார்கள்.

வெளியிடுவதால் நன்மையும் உண்டு. அமெரிக்காவில் 17 ஆண்டுகள் தபாலில் குண்டு அனுப்பிக்கொண்டிருந்த டெட் கசின்ஸ்கி, தன் 35,000 சொல் அறிக்கையைப் பத்திரிகையில் போட்டால் நிறுத்துகிறேன் என்றான். 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. மிரட்டலுக்குப் பணிவதா என்று பெரிய விவாதம். கடைசியில் அந்த நடையைப் பார்த்து, இது நம் அண்ணன் எழுத்து மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டவர் அவனுடைய தம்பிதான். அடுத்த ஏப்ரலில் பிடித்தார்கள். ஆகவே போடு, போடாதே என்று ஒரே சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக்கொன்றவன், தலையில் கேமரா மாட்டிக்கொண்டு ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். முதல் 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. 'பார்க்காதீர்கள்' என்ற குறிப்போடு அனுப்பியிருந்தார் ஒரு உறவினர்! திறந்த சில நொடிகளில் மூடிவிட்டேன். அந்தச் சில நொடிகள் இன்னும் போகவில்லை. அவன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அந்நாட்டுப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இதற்கு முன்பே, 2016இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த தாக்குதலுக்குப் பின், தாக்கியவர்களின் படங்களைப் போடுவதில்லை என்று அந்நாட்டின் லெ மோந்த் நாளிதழ் முடிவெடுத்தது. பெயரை ஒரு முறை போடலாம், வாசகர் அறிய வேண்டியதுதான். நான்கு காலத்தில் படம் எதற்கு?

தங்கள் பக்கத்தில் இருந்தது அப்படித்தான். ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நடந்து வரும் கசாப், நான்கு காலம். உயிரைப் பணயம் வைத்து ஒரு புகைப்படக்காரர் எடுத்த படம் அது. விசாரணையில் சாட்சியமாகவும் பயன்பட்டது. அன்று அதைப் போட்டது சரி. தூக்கிலிட்டு இத்தனை ஆண்டு கழித்தும் ஒவ்வொரு நவம்பரிலும் அதையே போட வேண்டுமா? படத்தைப் பார்த்ததும் என் பேத்தி பெயரைச் சரியாகச் சொன்னாள். அவனை உயிரோடு பிடித்தது யார் என்று கேட்டேன், தெரியவில்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை என்று ஒரு தாளை எடுத்து, இறந்த 166 பேரில் எனக்கே எத்தனை பெயர் தெரியும் என்று எழுதிப் பார்த்தேன். ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர், சந்தீப் உன்னிகிருஷ்ணன், துக்காராம் ஓம்ப்ளே. ஐந்தோடு நின்றுவிட்டது. அந்த ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று இரவு செய்தி எழுதிய எனக்கு அவர்களில் ஒருவர் பெயரும் வரவில்லை.

ஓம்ப்ளே உதவி சப்-இன்ஸ்பெக்டர். கையில் லத்தி மட்டும். கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு, குண்டுகளை வாங்கிக்கொண்டு, விடாமல் நின்றவர். பிறகு அசோக சக்ரா கொடுத்தார்கள். தங்கள் பக்கத்தில் அவர் படம் அடியில் தபால்தலை அளவில் இருந்தது. பழைய தொழில் பழக்கம், பேனாவோடுதான் பத்திரிகை படிப்பேன். படத்தின் கீழே 'ஓம்லே' என்றும், கட்டுரைக்குள் 'ஓம்பலே' என்றும் அவர் பெயர் அச்சாகியிருந்தது. கசாப் பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. ஒன்றில்கூடப் பிழை இல்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்