இரண்டாவது வாசல்

கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

நீ வைபரில் அனுப்பிய படத்தை நேற்று இரவு நாலைந்து தரம் பார்த்துவிட்டேன். உங்கள் புது வீட்டுக்குக் கீழே இருக்கிற அந்த நிலவறை. பெரிய கொங்கிறீற் கதவு, உள்ளே உன் சைக்கிள், மருமகனின் பனிச்சறுக்குச் சாமான்கள், சுவரோடு அரிசி மூட்டைகள். "அம்மா, இதுதான் இவங்கட பங்கர்" என்று எழுதி ஒரு சிரிப்பும் போட்டிருந்தாய்.

சுவிஸில் 1963இல் சட்டம் போட்டு, ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் நிலத்துக்குக் கீழே ஓர் இடம் வேண்டும் என்று கட்டத் தொடங்கினார்களாம் என்று நீதானே சொன்னாய். இப்போது 3,60,000க்கு மேல் இருக்கிறது, 90 லட்சம் பேரளவுக்கு இடம் என்கிறாய். இரண்டு உலகப் போரிலும் ஒதுங்கி நின்ற நாடு. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் பங்கருக்குச் சட்டமும் இல்லை, சீமெந்தும் இல்லை. உன் அம்மப்பாவும் ஒரு மண்வெட்டியும்தான்.

போன வருடம் நான் உங்களிடம் வந்து நின்றபோது, பழைய வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெசின் கீழே நிலவறையில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒருநாளும் நான் கீழே இறங்கவில்லை. முழங்கால் வலி என்றேன். நீயும் பாவம், கூடை கூடையாக நீயே தூக்கிக்கொண்டு போனாய். முழங்காலில் ஒன்றும் இல்லை, பிள்ளை. போனில் சொல்ல வராது, அதுதான் எழுதுகிறேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. ரயில் நின்றது, கரன்ற் நின்றது, பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு விளக்குச் செய்வோம். அதில்தான் படிப்பு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிட்டுப்போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துவிடுவார். உன் சின்னமாமா வேண்டுமென்றே செய்வான்.

அந்த வருடக் கடைசியில் அம்மப்பா கோடிப்புறத்தில் மாமரத்துக்குக் கீழே பங்கர் வெட்டினார். எங்கள் மண் உனக்குத் தெரியும்தானே, கொஞ்சம் கிண்டினால் கல்லுத் தட்டும். இடுப்பளவுதான் இறங்க முடிந்தது. மிச்சத்தை மண்மூட்டை அடுக்கி உயர்த்தினார். 'ட' வடிவம். பீரங்கிச் செல் துண்டு நேராகத்தான் வரும், மூலை திரும்பாது என்பார். கூரைக்குப் பனங்குத்தி கிடைக்கவில்லை. ஓடாத ரயிலுக்குத் தண்டவாளம் எதற்கு என்று ஊர் முழுக்கச் சிலிப்பர் கட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கும் பதினொரு கட்டை வந்தது, வண்டிலில். 2014இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்த அன்று எல்லாரும் ஸ்ரேசனில் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் புதுத் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த சிலிப்பர்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சத்தங்களை எல்லாம் நாங்கள் பாடமாக்கி வைத்திருந்தோம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். செல் என்றால் முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம், பிறகு கூவல். கூவல் கேட்டால் அது தலைக்கு மேலால் போகிறது, பயமில்லை. குண்டு போடுகிற பொம்பர் விமானம் குத்தி இறங்குகிற இரைச்சல் வேறு. சகடை என்று ஒன்று வரும், சரக்கு ஏற்றுகிற விமானம், பீப்பாயில் குண்டை உருட்டிவிடும். அது ஆறுதலாக வரும், அதனால் அதற்குத்தான் கூடப் பயம்.

1991 ஆடியில் ஒருநாள் பகல். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள். வளவில் நாங்கள் நாலு பேர். எனக்குப் பதினைந்து, சின்னமாமாவுக்குப் பதின்மூன்று, என் பெரியம்மாவின் மகன் அண்ணைக்குப் பதினேழு, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதினெட்டு. பொம்பர் இரைச்சல் கேட்க ஓடி இறங்கினோம். முதல் குண்டு சந்திப் பக்கம். இரண்டாவது எங்கே விழுந்தது என்று சத்தத்தில் தெரியவில்லை, ஏனென்றால் சத்தமே கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு அடி, அவ்வளவுதான். பிறகு வாய் நிறைய மண்.

வாசல் மூடிவிட்டது. மண்மூட்டைகள் சரிந்து, மாமரமும் அதன் மேல் விழுந்திருந்தது. அது பிறகு தெரிந்தது. அந்த நேரம் தெரிந்தது இருட்டு மட்டும்தான். சின்னமாமா நெருப்புப்பெட்டியைத் தேடி ஜாம் போத்தலைக் கொளுத்தினான். அண்ணை ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு அதை ஊதி அணைத்தார். "விளக்கும் மூச்சு விடும்" என்றார். பதினேழு வயது. கீழே கிடந்த கம்பை எடுத்து, கூரைக் கட்டைக்கும் மூட்டைக்கும் இடையில் மெல்லக் குடையத் தொடங்கினார். நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையால் மண்ணை வாரிப் பின்னுக்குத் தள்ளினோம். கொஞ்ச நேரத்தில் பின்னுக்கும் இடமில்லை.

அக்கா உயர்தரம் விலங்கியல். மண்டை நரம்பு பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லு, பிழைவிட்டால் திரும்ப முதலில் இருந்து என்று சின்னமாமாவைப் பிடித்துவைத்தார். அவனுக்கு ஒன்றும் விளங்காது, கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வான். அந்த இருட்டுக்குள் ஏழாவது நரம்பில் பிழைவிட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம், மகள். சொன்னால் நம்பமாட்டாய்.

பங்கரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், ஒருவரும் வாளியைப் பற்றி எழுதுவதில்லை. மூலையில் ஒரு பழைய பெயின்ற் வாளி இருந்தது. இரண்டு பெடியன்கள் இருக்க நானும் அக்காவும் அதற்குக் கிட்டப் போவோமா? அந்த வெட்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் குண்டு விழுகிற நாளில் காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அன்றும் அப்படித்தான். உள்ளே ஒரு சோடாப் போத்தல் தண்ணீர் இருந்தது. ஆளுக்கு ஒரு மூடி, அண்ணை சொன்ன நேரத்துக்கு மட்டும். போத்தலை வைத்திருக்கிற பொறுப்பு எனக்கு.

நான் குடித்துவிட்டேன். அவர்கள் மண் வாருகிற சத்தத்துக்குள், மறுபக்கம் திரும்பி, மிச்சம் இருந்த அரைப் போத்தலையும். பிறகு "ஐயோ, போத்தல் சரிந்து ஊத்துப்பட்டுப் போச்சு" என்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னமாமாதான் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து "பரவாயில்லை அக்கா" என்றான். என் கை ஈரமாக இருந்தது. அவனுக்குத் தெரிந்ததோ என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ரொறொன்ரோவில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறான், ஒருநாளும் கேட்டதில்லை.

கம்பு வெளியே போன இடத்தால் ஒரு விரல் அளவு வெளிச்சம் வந்தது. அதில் வாயை வைத்து மாறி மாறிக் கத்தினோம். பின்னேரம் ஆறு மணிபோல அம்மப்பாவின் குரல் கேட்டது. மரத்தை வெட்டி இழுத்து, எங்களை வெளியே எடுக்க நன்றாக இருட்டிவிட்டது. அம்மம்மா ஒரு செம்பு தண்ணீரை முதலில் என்னிடம்தான் நீட்டினா. நான் தம்பிக்குக் கொடுக்கச் சொன்னேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்று என் தலையைத் தடவினா.

அண்ணையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். 1995இல் ஊரே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தபோது எங்களோடு அவர் இல்லை. அக்கா டொக்டராகி விட்டார்.

அடுத்த கிழமையே அம்மப்பா மற்றப் பக்கத்தையும் வெட்டினார். நாலு நாள், ஒருவரோடும் கதைக்காமல். 'ட'வாக இருந்த பங்கர் 'ப' ஆகியது, இரண்டு பக்கமும் வாசல். வெட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தால் இறங்கி மறுபக்கத்தால் ஏறிக் காட்டச் சொன்னார். இரண்டு தரம் காட்டினேன்.

உன் படத்தில் எனக்கு ஒரு கதவுதான் தெரிகிறது. அவ்வளவு யோசித்துக் கட்டினவர்கள் அவசரத்துக்கு வெளியேற வேறொரு வழி வைக்காமல் விட்டிருக்கமாட்டார்கள். சுவரில் பதிவாக ஒரு சின்ன இரும்பு மூடி மாதிரி ஏதும் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார். அந்த அரிசி மூட்டைகளை அதற்கு முன்னால் அடுக்கி வைத்திருக்கிறாயோ தெரியாது. அப்படியென்றால் முதலில் அதை இழுத்து வேறு பக்கம் வை. வைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா