சட்ட வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று தாவிக்கொண்டிருக்காமல், ஆண்டு முழுவதும் ஒரே சட்டப் பேராசிரியரைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். தீங்கியல் சட்டம் (ஒருவர் செய்த தீங்குக்குப் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும் சட்டம்), குற்றவியல் சட்டம் இரண்டிலும் ஆழமாக உழைத்தவர் வேண்டும் என்றதும் கிளான்வில் வில்லியம்ஸ் பெயர்தான் முதலில் வந்தது. ஒருவரை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டை நிரப்ப முடியுமா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. இன்னும் படிக்க நிறைய மிச்சம் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பை முதல் கூட்டத்தோடு முடித்துக்கொண்டோம். 1911இல் வேல்ஸ் நாட்டின் பிரிட்ஜெண்டில் பிறந்தார். அபரிஸ்ட்வித்திலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். லண்டனில் பேராசிரியராக இருந்து 1955இல் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1968 முதல் 1978 வரை அங்கே ரௌஸ் பால் பெயரிலான சட்டப் பேராசிரியர் பதவியில் இருந்தார். 1997இல் காலமானார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்தவர் என்பதையும் அன்று பேசினோம்.

அப்புறம் நாய்க்கடி. அவருடைய முதல் பெரிய நூல், 1939இல் வந்தது, விலங்குகளால் வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. நாய் கடித்தால் அதன் உரிமையாளர் எப்போதும் பொறுப்பு என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருந்தோம். நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான அன்றைய இங்கிலாந்துப் பொதுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காட்டு விலங்கை வளர்ப்பவர், அது செய்யும் தீங்குக்குத் தப்பு செய்தாரா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் பொறுப்பாவார். நாய் போன்ற வீட்டு விலங்கு என்றால், அதற்குக் கடிக்கும் சுபாவம் உண்டு என்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அன்றைய வாக்குவாதம் முடிய வெகுநேரமானது.

பங்களிப்புக் கவனக்குறைவுக்கு, அதாவது பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் சேதத்துக்குக் காரணமாவதற்கு, இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். 1809இல் ஒரு வழக்கு: சாலையின் குறுக்கே ஒருவர் கம்பத்தைப் போட்டிருந்தார், குதிரையில் வேகமாக வந்தவர் அதில் மோதி விழுந்தார். நிதானமாக வந்திருந்தால் கம்பம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லி அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்துவிட்டார்கள். தன் பக்கம் சிறு தவறு இருந்தாலும் முழு இழப்பீடும் போய்விடும் என்ற அந்த விதியை 1945ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. அவரவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைத்தால் போதும் என்றானது. அந்த மாற்றத்தின் நெளிவுசுளிவுகளை வில்லியம்ஸ் 1951இல் ஒரு நூலாகவே எழுதினார். அதே ஆண்டில் வந்த அவர் கட்டுரை ஒன்று, தீங்கியல் சட்டம் எதற்காக இருக்கிறது என்று கேட்டு நான்கு நோக்கங்களை எடுத்து வைக்கிறது: பாதிக்கப்பட்டவரின் கோபத்தைத் தணித்தல், நீதி, அச்சமூட்டித் தடுத்தல், இழப்பீடு. முதல் மூன்றும் குற்றவியல் சட்டத்துக்கும் பொருந்துமே என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். ஒரே மனிதர் ஏன் இரண்டு துறையிலும் வாழ்நாளைச் செலவிட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த ஆண்டில் என் மனதை விட்டுப் போகாதது, முயற்சிக் குற்றம், அதாவது குற்றம் செய்ய முயல்வதே குற்றமாவது, பற்றிய கூட்டம். ஒரு பெண் வீடியோ ரெக்கார்டர் ஒன்றை வாங்குகிறார், அது திருட்டுப் பொருள் என்று நம்பித்தான் வாங்குகிறார். ஆனால் அது திருட்டுப் பொருள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. திருட்டுப் பொருளை வாங்க முயன்ற குற்றம் ஆகுமா? ஆகாது என்று, அன்று அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1985இல் தீர்ப்பளித்தது. 1981ஆம் ஆண்டின் முயற்சிக் குற்றச் சட்டத்தையே இது வெறுமையாக்குகிறது என்று வில்லியம்ஸ் கொதித்துப்போய்க் கட்டுரை எழுதினார். அப்போது அவர் ஓய்வு பெற்று எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அடுத்த வழக்கில் ஒருவர் போதைப் பொருள் என்று நினைத்து எடுத்துவந்தது, சோதித்துப் பார்த்தால் மூக்குப்பொடி மாதிரியான வெறும் தாவரத் தூள். 1986இல் பிரபுக்கள் சபை, அவர் குற்றவாளிதான் என்று சொல்லி, ஓராண்டுக்கு முன் தான் தந்த தீர்ப்பையே ரத்து செய்தது. முந்தைய தீர்ப்பில் பங்கேற்ற நீதிபதி பிரிட்ஜ் பிரபுவே இதையும் எழுதினார். வில்லியம்ஸ் கட்டுரையின் நடை மிதமானதல்ல என்று குறிப்பிட்டவர், அதன் கண்டனத்தில் வலு உண்டு என்பதையும், தமக்கு அது உதவியது என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார்.

யாருக்கும் சேதம் இல்லாதபோது எதற்குத் தண்டனை என்று நம் இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. தீங்கியல் சட்டம் இழப்பைப் பார்த்து ஈடு செய்கிறது; இழப்பே இல்லை என்றால் பெரும்பாலும் வழக்கும் இல்லை. முயற்சிக் குற்றத்தில் சட்டம் பார்ப்பது, அந்த ஆள் என்ன செய்ய நினைத்து எதுவரை போனார் என்பதை. நான் வில்லியம்ஸ் பக்கம்தான். ஆனாலும் நினைப்புக்கே தண்டனை என்று ஆகிவிடும் என்ற எதிர்வாதத்தைக் கூட்டம் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் இரண்டையும் பதிவு செய்திருக்கிறேன்.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நிறுத்துவதை அவர் எதிர்த்து எழுதியது பற்றியும், அந்தக் குற்றத்தை 1961ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் நீக்கியது பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. அன்று பலர் சொந்தக் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னார்கள். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

குற்றத்தை நிரூபிப்பது பற்றிய அவருடைய 1955ஆம் ஆண்டு நூலுக்கு ஒதுக்கிய இரண்டு கூட்டங்கள், பிரதி உரிய நேரத்தில் கிடைக்காததால் நடக்கவில்லை. முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதது என் பொறுப்பு, வருந்துகிறேன். புதிய ஆண்டின் முதல் இரண்டு கூட்டங்கள் அதற்கே.

சட்டம் படிக்கத் தொடங்குபவர்களுக்காக அவர் 1945இல் எழுதிய சிறு நூல் நம் அலமாரியில் ஒரு பிரதிதான் இருக்கிறது. எடுத்துப்போனவர் திருப்பித் தந்தால், வரிசையில் காத்திருக்கும் மூன்று பேருக்கும் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்