ஆனர்ஸ் படிக்கும் உன் மகளின் நீளமான பட்டியல் பற்றி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நாள் கணக்குத் தவறாமல் போடச் சொல்.

இனி அமெரிக்காவில் படிக்கும் மகள் விஷயம். உயிரியல் மேஜர் (முதன்மைப் பாடம்), ஆனர்ஸ் என்னும் சிறப்புப் படிப்பில் இடம், முதல் செமஸ்டர் முடிந்தாயிற்று. இப்போது பொருளாதாரத்தில் மைனர் (துணைப் பாடம்), ஒரு லேபில் ஆராய்ச்சி, கோடையில் வெளிநாட்டில் ஒரு படிப்பு, கூடவே நாடகக் குழு என்று பட்டியல் நீள்கிறது, தடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தடுக்காதே. ஆனர்ஸ் படிப்பின் நோக்கமே மேஜருக்கு வெளியிலும் எட்டிப் பார்ப்பதுதான். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன ஸ்வார்த்மோர் கல்லூரியில், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்த அதன் தலைவர் ஃபிராங்க் அய்டலாட் 1922-இல் ஆனர்ஸைத் தொடங்கினார். அங்கே மேஜரோடு ஒரு மைனரிலும் மாணவர்கள் தயாராக வேண்டும், தேர்வு வைக்க வெளியூர்ப் பேராசிரியர்கள் வருவார்கள். ஆகவே அவள் ஆசையில் தப்பில்லை. அதை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அலகு) கணக்கில் உட்காரவைப்பதில்தான் பாடு.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், எட்டு செமஸ்டருக்கு 15 வீதம். உயிரியலும் அதற்குத் துணையான வேதியியல், இயற்பியல், கணிதமும் சேர்ந்து சுமார் 70 எடுத்துக்கொள்ளும் என்று வை. பொதுப்பாடங்கள் 30. ஆனர்ஸ் பாடங்கள் பெரும்பாலும் அந்தப் பொதுப்பாடங்களின் இடத்திலேயே வந்துவிடும், ஆய்வேட்டுக்கு மட்டும் தனியாக 6. ஆக 106. மிச்சம் 14. மைனருக்கு வேண்டியது 18. நான்கு கிரெடிட் இடிக்கிறது, இல்லையா? உயிரியலுக்காக எடுக்கும் புள்ளியியல் பாடத்தை மைனரிலும் எண்ண விட்டால் 15 போதும். அறிமுகப் பொருளாதாரத்தைச் சமூக அறிவியல் பொதுப்பாடமாகவும் காட்ட முடிந்தால் 12. இரண்டு கிரெடிட் மீதியாகிவிடும். ஆனால் ஒரே பாடத்தை இரண்டு பக்கம் எண்ணுவதற்குப் பல துறைகளில் வரம்பு உண்டு, இரண்டு பாடத்துக்கு மேல் விடமாட்டார்கள். இந்த எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். அவள் சேர்ந்த ஆண்டின் கையேட்டில் உள்ளதை வைத்து அவளே போடட்டும். கையேடு ஆண்டுக்கு ஆண்டு மாறும், சீனியர் சொன்னதை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

அடுத்தது பாடங்களின் வரிசை. பொருளாதாரத்தில் அறிமுகப் பாடம் முடித்தால்தான் இடைநிலை, அதற்குக் கால்குலஸ் வேண்டும். இடைநிலையையும் புள்ளியியலையும் முடித்தால்தான் எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்). ஒரு செமஸ்டருக்கு ஒரு படிதான் ஏற முடியும், சில பாடங்கள் இலையுதிர் செமஸ்டரில் மட்டுமே வரும். மூன்றாம் ஆண்டில் ஆரம்பித்து ஒரு படி தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அறிமுகப் பாடத்தை இந்த செமஸ்டரிலேயே எடுக்கச் சொல். பிடிக்காவிட்டாலும் பொதுப்பாடமாக நின்றுவிடும், நஷ்டம் இல்லை. கால அட்டவணையையும் பார்க்கட்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் ஒரு முழு மதியத்தைத் தின்னும். ஆனர்ஸ் செமினாருக்கு இருப்பது ஒரே வகுப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டிவரும்.

தெரியாத துறையில் கால் வைப்பதற்குப் பயந்து பாஸ்-ஃபெயில் முறையில், அதாவது மதிப்பெண் இல்லாமல் பாஸா ஃபெயிலா என்று மட்டும் பதியும்படி, எடுக்கலாம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். நாடகத்துக்குச் சரி. பொருளாதாரத்துக்குக் கூடவே கூடாது. அப்படி எடுத்த பாடம் பெரும்பாலான இடங்களில் மைனரிலும் சேராது, ஆனர்ஸிலும் சேராது. பாஸான பாடத்தை மறுபடி எடுக்கவும் பல இடங்களில் விடமாட்டார்கள். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கவலை நியாயமானதுதான், பல ஆனர்ஸ் கல்லூரிகளில் 3.5-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கைப் பட்டியல். அதற்கு வழி, புதுத் துறைப் பாடத்தையும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் ஒரே செமஸ்டரில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஆனர்ஸ் ஒப்பந்தம். ஏன் இத்தனை பேர் இதைத் தொடாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள் என்று புரிவதில்லை. சாதாரணப் பாடம் ஒன்றில் கூடுதல் வேலை செய்து அதை ஆனர்ஸ் கிரெடிட்டாக மாற்றிக்கொள்வது. பொருளாதாரப் பாடத்தில் இதைச் செய்தால் மைனரும் ஆனர்ஸும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். செமஸ்டர் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்துக்குள் பேராசிரியரின் கையெழுத்தோடு கொடுத்துவிட வேண்டும். "கூடுதலாகப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுகாதாரப் பொருளாதாரப் பாடம் என்றால் இப்படி எழுதலாம்: ஒரே ஒரு தடுப்பூசி, அரசு வெளியிட்ட தரவு, விலை மாறியபோது போட்டுக்கொண்டவர்கள் எண்ணிக்கை எப்படி மாறியது என்ற ஒரு கேள்வி. பேராசிரியருடன் மூன்று சந்திப்பு, ஆறாம் வாரத்தில் தரவு அட்டவணை, பத்தாம் வாரத்தில் வரைவு, கடைசியில் எட்டுப் பக்க அறிக்கையும் 15 நிமிடப் பேச்சும். உயிரியல் படிப்பவள் என்பதால் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும், அவருக்கும் கேட்க ஆவல் வரும். முடிந்ததும் நிறைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்க மறந்தால் வேலை வீண். பாடத்தின் மதிப்பெண் வரும், ஆனர்ஸ் என்ற குறிப்பு வராது.

அந்தப் பேராசிரியரே பின்னால் ஆய்வேட்டுக்கு இரண்டாம் வாசகராகவும் வரலாம், பரிந்துரைக் கடிதமும் எழுதலாம். 200 பேர் வகுப்பில் ஏ வாங்கியதை வைத்து யாரும் உருப்படியாக நாலு வரி எழுத முடியாது. கடிதம் கேட்கும்போது குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுக்கட்டும். அறிக்கையின் பிரதி, மதிப்பெண் பட்டியல், எதற்கு விண்ணப்பிக்கிறாள் என்ற விவரம் மூன்றையும் சேர்த்தே அனுப்பட்டும்.

ஆய்வேட்டில் மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஐஆர்பி என்னும் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி. பொருளாதாரப் பக்கம் போகும் உயிரியல் மாணவர்களுக்கு இது நினைவிலேயே இருக்காது. அனுமதிக்கு முன் சேகரித்த பதில்களைப் பிறகு ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. பயிற்சி, விண்ணப்பம், திருத்தம் எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் போகும். ஏற்கெனவே வெளியாகியுள்ள, ஆள் அடையாளம் இல்லாத தரவை எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

இனி விசா. அவளுடையது எஃப்-1 என்னும் மாணவர் விசா என்பதால் இதை ஊன்றிப் படி. ஓபிடி என்னும் பயிற்சி அனுமதியில் செய்யும் வேலை மேஜரோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், மைனரைக் காட்டி வாங்க முடியாது. பொருளாதார வேலைதான் இலக்கு என்று பின்னால் முடிவெடுத்தால் அதை இரண்டாம் மேஜராக்கி ஐ-20 என்னும் மாணவர் விசாவுக்கான தாளிலும் பதிய வேண்டும். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி என்னும் படிப்புக்கால வேலை அனுமதி வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்கவும் வேண்டும். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்ட நிலைக்கு ஓபிடியே கிடையாது. பல்கலைக்கழகத்துக்குள் வேலை, செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி வரை. லேபில் சம்பளம் தந்தால் அதுவும் இதில் அடங்கும்.

தேசிய அறிவியல் நிறுவனமான என்எஸ்எஃப் பணம் தரும் ஆர்இயு கோடை ஆராய்ச்சி, கோல்ட்வாட்டர், ட்ரூமன், கில்மன் உதவித்தொகைகள் என்று தோழிகள் பேசிக்கொள்வார்கள். கோல்ட்வாட்டரும் ஆர்இயுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், ட்ரூமனும் கில்மனும் குடிமக்களுக்கு. அவளுக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் ஆனர்ஸ் கல்லூரியின் சொந்த ஆய்வு நிதி. தொகை சிறியதானாலும் போட்டி குறைவு. படித்து முடித்தபின் ஸ்டான்ஃபோர்டின் நைட்-ஹென்னஸி போல எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடியவை சில உண்டு.

வெளிநாட்டுப் படிப்பை இரண்டாம் ஆண்டுக் கோடைக்குத் தள்ளலாம். கிளம்பும் முன் அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தன் பல்கலைக்கழகத்தில் எது ஈடு என்று எழுத்தில் வாங்கட்டும், பாடத்திட்டத்தின் பிரதியையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். விசா அலுவலகத்திடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். நாடகக் குழு இருக்கட்டும், அதற்குக் கிரெடிட் தேவையில்லை.

எட்டு செமஸ்டருக்கும் எந்தப் பாடம் எப்போது என்று ஒரு தாளில் அவள் நிரப்பியதும் அதை எனக்கு அனுப்பச் சொல், ஆலோசகரைப் பார்ப்பதற்கு முன்னால். பென்சிலில் எழுதினால் போதும். அப்பாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்