சிதறிய நீலக் குர்ஆன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, நீலக் குர்ஆன் என்னும் பழைய கையெழுத்துப் பிரதியின் ஏடுகள் ஏலத்தில் பெறும் விலையைச் சொன்ன அளவுக்கு, அந்நூல் பிரிந்து கிடப்பதன் இழப்பைச் சொல்லவில்லை. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் 1293ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நூற்பட்டியல், கருநீலத் தோலில் பொன்னெழுத்தில் எழுதப்பட்ட குர்ஆன் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அது இந்த நீலக் குர்ஆனே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இன்றோ பல ஏடுகள் பல நாடுகளின் அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருக்கின்றன.

தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஏட்டை அருகில் நின்று பார்த்தேன். 15 வரிகளிலும் கூஃபி என்னும் பழைய அரபு வடிவ எழுத்துகள் மின்ன, வசன முடிவைக் காட்டும் வெள்ளிப் பூக்கள் மட்டும் கறுத்து நீலத்தில் மங்கியிருந்தன. அடுத்த ஏடு எங்கிருக்கிறது என்பதை அங்கே அறிய வழியில்லை. எல்லா ஏடுகளையும் படமெடுத்து, அத்தியாய வரிசைப்படி ஒரே இணையதளத்தில் தொகுக்கும் பணியைத் துனீசிய அரசும் அருங்காட்சியகங்களும் சேர்ந்து தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகர், தோஹா