மூளைச் செல்கள் சும்மா கிடப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட மூளைச் செல்கள், மட்டையால் பந்தைத் தடுத்தடிக்கும் ‘பாங்’ என்னும் பழைய வீடியோ விளையாட்டை ஆடப் பழகியது குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெல்போர்ன் நகரின் கார்ட்டிகல் லேப்ஸ் நிறுவனத்தினர் 2022இல் ‘நியூரான்’ ஆய்விதழில் வெளியிட்ட அந்த ஆய்வை எளிய தமிழில் விளக்கியிருந்தது பாராட்டத்தக்கது. ஆனால் “அதுவரை சும்மா கிடந்த 8 லட்சம் செல்கள்” என்று கட்டுரை தொடங்கியதைத்தான், உடலியங்கியல் பாடம் நடத்தியே ஓய்வுபெற்ற என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சொல்லுக்காகக் கடிதம் எழுதுவதா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஒரு சொல் தவறினால், கற்றல் என்பதே வேறொன்றாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதால் எழுதுகிறேன்.

மாணவனாக இருந்தபோது, விலங்கின் மூளையில் செருகிய மெல்லிய மின்முனையை ஒலிபெருக்கியுடன் இணைத்து முதன்முறையாகக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. அறை இருட்டாக இருந்தது. விலங்குக்கு எதையும் காட்டவில்லை, எந்த ஓசையும் எழுப்பவில்லை. ஆயினும் ஒலிபெருக்கியிலிருந்து காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் விட்டுவிட்டுச் சடசடப்பு வந்துகொண்டே இருந்தது. “அது வெறும் இரைச்சல், கணக்கில் எடுக்காதே” என்றார் எங்கள் ஆசிரியர். அந்நாளில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தூண்டுதல் ஏதுமின்றி நரம்புச் செல்கள் தாமாகவே நடத்தும் இந்த உரையாடலுக்குத் தன்னியல்புச் செயல்பாடு என்று பெயர். தட்டில் வளரும் செல்களும் இதற்கு விலக்கல்ல. எலியின் மூளைப் புறணியிலிருந்து, அதாவது மூளையின் மேலடுக்கிலிருந்து, பிரித்தெடுத்த செல்களை மின்முனைகள் பதித்த கண்ணாடியில் விட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்து, யாரும் கேட்காமலேயே மின்துடிப்புகளை எழுப்பத் தொடங்குகின்றன. பிறகு தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் படபடவெனப் பொரிந்து அடங்குவதும் வழக்கமாகிவிடுகிறது. ஆகவே கற்றல் வெற்றுப் பலகையில் எழுதும் எழுத்தன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் அது ஏற்படுத்தும் மாற்றமே கற்றல்.

இதை முதலில் திடமாகக் காட்டியவர்களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் முக்கியமானவர்கள். எலி மூளையில் நினைவுக்கும் இடமறிதலுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், விலங்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் ‘இடச் செல்கள்’ உண்டு. அவற்றைக் கண்டறிந்ததற்காகவே ஜான் ஓ’கீஃப் 2014இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வில்சனும் மெக்நாட்டனும் இத்தகைய செல்கள் பலவற்றை ஒரே நேரத்தில் பதிவுசெய்தனர். எலி இரை தேடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த செல்கள், பின்னர் அது உறங்கியபோதும் சேர்ந்தே துடித்தன என்று 1994இல் அறிவித்தனர். அந்த ஆய்வின் உயிர் இந்த முடிவில் மட்டும் இல்லை. அவர்கள் எலி திரிவதற்கு முன் உறங்கிய உறக்கத்தையும் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அந்த முன் உறக்கத்தில் அச்செல்களிடையே அவ்வளவு ஒற்றுமை இல்லை. முன்னதும் பின்னதும் அருகருகே இருந்ததால்தான், இடையில் நடந்த அனுபவமே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடிந்தது. ஓடிய பாதையின் வரிசை மாறாமலே, ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில், உறக்கத்தில் மீண்டும் ஓடுகிறது என்பதை லீயும் வில்சனும் 2002இல் காட்டினர். இது வெறும் எதிரொலிதானோ என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது: உறக்கத்தின்போது இந்த மறுஓட்டம் நிகழும் நொடிகளில் மட்டும் சிறு மின்தூண்டல் கொடுத்து அதைக் கலைத்தால், எலிகள் இடத்தை நினைவில் கொள்ளத் தடுமாறுகின்றன என்று 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டனர்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பறவையிடமிருந்து வருகிறது. ஜீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவையின் ஆண் குஞ்சு, மூத்த ஆண் பறவை பாடுவதைக் கேட்டே தன் பாட்டைக் கற்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஷாங்கும் மார்கோலியாஷும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குஞ்சு முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்ட நாளின் இரவிலேயே, குரலை இயக்கும் மூளைப் பகுதியின் தன்னியல்புத் துடிப்பு மாறிவிட்டது. எந்தப் பாட்டைக் கேட்டது என்பதைப் பொறுத்து அந்த மாற்றமும் வேறுபட்டது. குஞ்சின் குரலில் மாற்றம் தெரிந்ததோ மறுநாள்தான். வாய் பாடுவதற்கு முன்பே, இருட்டில், உறக்கத்தில், செல்களின் பேச்சு மாறியிருக்கிறது. மனிதரிடமும் இதன் சாயல் உண்டு. கண்ணுக்குப் பயிற்சி தரும் ஒரு வேலையைச் சில நாள்கள் செய்தவர்கள் பிறகு எதுவும் செய்யாமல் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தபோதும், பார்வைப் பகுதிக்கும் கவனத்தைச் செலுத்தும் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு பயிற்சிக்கு முன் இருந்ததுபோல் இல்லை என இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் தெரிவித்தனர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. நோய் எதிர்ப்புத் துறையில் நோபல் பெற்றுப் பின்னர் மூளைக்கு வந்த சுசுமு டோனேகாவாவும் ஜார்ஜ் டிராகோயும் 2011இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர்: சுண்டெலி ஒரு புதிய பாதையில் கால் வைப்பதற்கு முன்பே, அதன் ஓய்வு நேரத் துடிப்புகளில், பின்னால் அப்பாதையில் எழவிருக்கும் வரிசை தென்படுகிறது என்றனர். அப்படியானால் கற்றல் புதிய வரிசையை உண்டாக்குவதில்லை, கையிருப்பில் உள்ள வரிசைகளில் ஒன்றை எடுத்துப் புதிய இடத்துக்குப் பொருத்துகிறது என்றாகும். 2015இல் சில்வா, ஃபெங், ஃபாஸ்டர் ஆகியோர் தங்கள் எலிகளில் அப்படி எதையும் காணவில்லை என்றும், அனுபவம் இல்லாமல் வரிசை தோன்றுவதில்லை என்றும் மறுத்தனர். என் கருத்தில், இரு தரப்பும் ஒரே கேள்வியின் மீதுதான் மோதுகின்றன: கற்பதற்கு முன் அங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது? நானும் அந்தக் கேள்வியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

தட்டுக்குத் திரும்புகிறேன். வேகனார், பைன், பாட்டர் என்னும் மூவர், வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களுக்குப் பலவகை மின்தூண்டல்கள் கொடுத்து, நிலையான மாற்றத்தை உண்டாக்க முயன்றனர். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எதிர்மறையானது. தூண்டலுக்குப் பின் கண்ட மாற்றங்கள், எதுவும் செய்யாதபோது அந்தச் செல்கள் தாமாகவே மாறிக்கொண்ட அளவைத் தாண்டவில்லை. தட்டின் சொந்தப் பேச்சே நாளும் நகர்ந்துகொண்டிருந்தது. விதிவிலக்காக ஒரேயொரு முறையில் மட்டும் தெளிவான விளைவு கிடைத்தது. அந்த முறையில், தட்டு முழுவதும் பொரியும் துடிப்பைப் பரவலான சிறு தூண்டல்களால் அவர்கள் முதலில் அமைதிப்படுத்தியிருந்தார்கள். தோல்வியை இவ்வளவு நேர்மையாக அச்சிட்ட கட்டுரைகள் என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கண்ணில் பட்டன. ‘செல்கள் கற்றுக்கொண்டன’ என்று எங்கே படித்தாலும், அவை எதனோடு ஒப்பிடப்பட்டன என்று தேடும் பழக்கம் எனக்கு அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததே.

மெல்போர்ன் ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பந்தைத் தவறவிட்டால் தாறுமாறான தூண்டல், அடித்தால் ஒழுங்கான தூண்டல் என்று செல்களுக்குக் கொடுத்த அவர்கள், அத்தகைய எதிர்விளைவு எதுவும் பெறாத தட்டுகளையும், தூண்டலே இல்லாத ஓய்வு நிலைப் பதிவுகளையும் அருகில் வைத்தே ஒப்பிட்டிருக்கிறார்கள். அச்செல்களுக்கு உணர்வுண்டு என்னும் பொருள்பட அவர்கள் பயன்படுத்திய சொல்லை வேறு ஆய்வாளர்கள் பின்னர் கண்டித்தது தனிக்கதை. ஓய்வு நிலையில் தட்டு என்ன செய்துகொண்டிருந்தது என்பது அந்த ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. தங்கள் பக்கத்தில்தான் இல்லை. அடுத்த வாரம் அதே பத்தியில் நான்கு வரி சேர்த்து வெளியிட்டாலும் போதும். ‘சும்மா கிடந்த’ என்ற சொல்லை மட்டும் அதில் மீண்டும் பயன்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.