எல்லீசன் துரை புத்தகம் அச்சாக உங்க பங்கும் வேணும்

திண்டுக்கல் மக்களுக்கு வணக்கம். நம்ம ஊர் மண்ணுல அடக்கமாகி இருக்கற எல்லிஸ் துரை, அதான் தமிழ்ல தன்னை எல்லீசன்னு சொல்லிக்கிட்ட வெள்ளைக்கார அதிகாரி, அவரைப் பத்தி 64 பக்கத்துல ஒரு சின்ன புத்தகம் போடறோம்னு போன மாசம் சொன்னோம்ல, அதுக்குத்தான் இப்ப கையேந்தி வந்திருக்கோம்.

"வெள்ளைக்காரனுக்கு எதுக்குய்யா வசூல்?"னு டீக்கடையிலயே கேட்டுட்டாங்க. நியாயமான கேள்விதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூல் பண்ண வந்த ஆளுதான் அவரு, மாலை போட்டு கும்பிடச் சொல்லல. 1796ல கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் வந்து, 1810ல அங்கயே கலெக்டர் ஆனாரு, 1812ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டை காலேஜ் ஆரம்பிச்சு, கம்பெனி வேலைக்கு வர்ற துரைமாருங்கள தமிழும் தெலுங்கும் படிக்க வச்சாரு. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்துல இருந்து பிறக்கல, தனிக் குடும்பம்னு 1816லயே எழுதிட்டாரு, திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம்னு கால்டுவெல் போட்ட புத்தகம் வர்றதுக்கு 40 வருஷம் முன்னாடி!

1818ல மெட்ராஸ்ல தண்ணிக் கஷ்டம். 27 கிணறு வெட்டினாரு. ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணத்துக் கல்வெட்டை ஒருதடவை வாசிச்சுப் பாருங்க, "எல்லீசன் என்பவன் யானே"ன்னு அவரே பேசற மாதிரி செய்யுள், நடுவுல "இருபுனலும் வாய்ந்த மலையும்"ங்கற குறள், கடைசியில கிணத்துக்கெல்லாம் புண்ணியாகவாசனம் (மந்திரம் சொல்லி சுத்தம் பண்ற சடங்கு) பண்ணுவிச்சேன்னு வேற. எங்க கமிட்டில ஒருத்தர் இதை சத்தமா படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் தொண்டையும் அடைச்சுது.

40 வயசு ஆகற வரைக்கும் எதையும் அச்சுல போடறதில்லைன்னு இருந்த மனுஷன், 1819ல ராமநாதபுரத்துல மருந்துன்னு நினைச்சு விஷத்தைக் குடிச்சு செத்துட்டாரு. எழுதி வச்ச காகிதமெல்லாம் மதுரை கலெக்டர் பங்களா சமையல்கட்டுக்குப் போய், மாசக்கணக்கா அடுப்பு பத்த வைக்கவும் கோழி வாட்டவும் ஆச்சுன்னு பின்னாடி மெட்ராஸ்ல வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி வால்டர் எலியட் சொல்லியிருக்காரு. அவரோட குறள் உரை கொஞ்சமாச்சும் அச்சுல மிஞ்சினது நம்ம அதிர்ஷ்டம்.

மிஞ்சினதையாவது நம்ம பிள்ளைங்க கையில குடுக்கணும்னுதான் இந்தப் புத்தகம். 1000 பிரதி, ஸ்கூல் லைப்ரரிக்கெல்லாம் இலவசம். 90 ஆயிரம் ஆகும், 38 ஆயிரம் சேர்ந்திருக்கு. 100 ரூபா குடுத்தாலும் ரசீது உண்டு, வரவு செலவை வாசகசாலை போர்டுல ஒட்டிடுவோம். பணம் பொருளாளர் கையில மட்டும் குடுங்க, தெருவுல வசூலுக்கு யாரையும் அனுப்பல. பணம் முடியாதவங்க ப்ரூஃப் பார்க்க வாங்க, ஞாயித்துக்கிழமை காலையில உக்கார்றோம், டீ நம்ம செலவு.